அது வேற கல்லு

கேட்டுக் கதவ மெல்லத் தள்ளுங்க தம்பி. மெல்ல, மெல்ல. ஆங், அவ்வளவுதான். நாயெல்லாம் இல்லீங்க, தூணு சித்தெ ஆட்டங் கண்டிருக்குது, அதுக்குத்தான் சொன்னேன். வாங்க, இக்கட்டால நெழலுக்கு வந்துருங்க.

போன்ல பேசுனது நாந்தானுங்க, சென்னியப்பன். கோபி கடைவீதியில சொட்டுநீர்க் குழாய்க் கடை வெச்சிருக்கறது நாந்தான். இதாங்க சைக்கிளு. தொட்டுப் பாருங்க, தூக்கிப் பாருங்க, ஒண்ணும் சொல்ல மாட்டேன். வெலையப் பத்தி அப்பறமாப் பேசிக்கலாம், அதுக்கு என்ன அவசரம். இமயமலை ஏறி எறங்குன வண்டிங்க இது. மணாலியிலிருந்து லே வரைக்கும். வண்டியில ஒரு கொறையும் கெடையாது. பிரேக் கட்டை மட்டும் புதுசு, பழசு எறக்கத்துல தேஞ்சு போச்சு. ஏன் அவ்வளவு தேஞ்சுதுன்னு சைக்கிள் கடைக்காரனே கேட்டான். எறக்கம்னாப் புடிச்சுத்தான் எறங்கோணும்னு சொன்னேன். உட்டுட்டு எறங்கறது வீரமில்லீங்க, வெவரமில்லாத்தனம்.

பக்கத்துல இருக்கறதா? அது என்ற ஊட்டுக்காரியோட பழைய வண்டி. அது விக்கறக்கில்ல. புது வண்டிய எடுத்துக்கிட்டு வெடியாலயே திம்பம் மலைமேட்டுக்குப் போயிருக்கறா. கோகிலவாணின்னு பேரு, வாணின்னு கூப்புடறது. வெய்யல் ஏர்றக்குள்ள வந்தர்றேன்னு சொல்லிட்டுத்தான் போனா. வெய்யல் இப்ப எங்க இருக்குது? கொய்யா மரத்தத் தாண்டிருச்சுங்களா? வந்துருவா. அந்தக் காட்டுக்குள்ள போன் எடுக்காது. எடுக்காதுன்னு தெரியும், ஆனாலும் இதோட எத்தன வாட்டி அடிச்சுட்டேன்னு எனக்கே கணக்கு இல்ல.

நல்ல வண்டிய எதுக்கு விக்கறீங்கன்னு கேட்டீங்க பாருங்க, அது நாயமான கேள்வி. மொழங்காலு வலின்னு மத்தவங்ககிட்டச் சொல்லிக்கிட்டிருக்கறேன். உங்களுக்கு உள்ளதச் சொல்றேன். எல்லாம் ஒரு கல்லு பண்ணுன வேலைங்க. கல்லுன்னா ஒண்ணில்ல, மூணு. உக்காருங்க, நின்னுக்கிட்டே கேக்கற கதையில்ல இது.

எனக்குச் சர்க்கரை வந்துருச்சுங்க. டாக்டரு சைக்கிள் முடுக்கச் சொன்னாரு. சரீன்னு ஒண்ணு வாங்குனேன். தனியாப் போறதுக்கு எனக்கு மனசில்ல. பயமெல்லாம் இல்லீங்க, பேச்சுத் தொணைக்கு ஒரு ஆளு இருந்தா நல்லதுதானே. அவளுக்கும் ஒண்ணு வாங்கிக் குடுத்தேன். அதுதான் நான் பண்ணுன தப்பு. ஒரே வருசத்துல அவ என்னய முந்திக்கிட்டா. அப்பறம் எங்கூர் சைக்கிள் கூட்டத்துல சேந்தோம். ஆணு பொண்ணு அம்பது பேரு இருப்போம். ஞாயித்துக்கெழமையானா ஒட்டுக்கா எங்கியாச்சும் போறது.

அந்தக் கூட்டத்துக்கு ஒரு ரூல் போட்டுக் குடுத்தது நாந்தானுங்க. யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. அத்தன பேரு போறப்ப முன்னால போறவன் ஒரு பக்கம், பின்னால வர்றவன் ஒரு பக்கம்னு பிரிஞ்சு போயர்றாங்க. அதுக்கு நான் என்ன பண்ணுனேன், பாதை பிரியற எடத்துல முன்னால போறவங்க மூணு கல்ல ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி வெச்சுட்டுப் போகோணும். எந்தப் பக்கம் கல்லு இருக்குதோ அந்தப் பக்கம் திரும்போணும். கல்லே இல்லீன்னா நேராப் போகோணும். இவ்வளவுதான். சின்னக் கொழந்தைக்குக்கூடப் புரியும். வால்பாறைக்குப் போனப்பவும் சரி, ஊட்டிக்குப் போனப்பவும் சரி, ஒரு ஆளு வழி தப்புனதில்ல.

லடாக் போலாம்னு சொன்னது அவதான். நான் முடியாதுன்னேன். அவ தனியாப் போறேன்னா. அதெப்படிங்க பொம்பளையத் தனியா உடறது? காப்பாத்தறக்கு ஒரு ஆம்பள வேணுமில்ல? சரி, நானும் வர்றேன்னேன்.

சித்தெ இருங்க. மணிச் சத்தம் கேட்டுச்சுங்களா? சைக்கிள் மணி மாதிரி? ஓ, பக்கத்தூட்டு மாடு. சரி சரி.

மணாலி தாண்டி மலையேற ஆரமிச்சமுங்க. அந்த மலையெல்லாம் நம்ம மலை மாதிரி இல்ல தம்பி. நம்ம மலைன்னா மரமிருக்கும், கொரங்கிருக்கும், ஒரு முருகன் கோயிலிருக்கும். அங்க ஒண்ணுமே இல்ல. வெறுங் கல்லும் மண்ணும், உச்சியில பனி. ஒரு பக்கம் செவுரு மாதிரி மலை, மறுபக்கம் கீழ பாத்தாக் கண்ணு கட்டுது. சவாரி போறப்ப நான் கீழ பாக்கறதே இல்ல. வெள்ளைக் கோட்ட மட்டும் பாத்துக்கிட்டுப் போறது. வெள்ளைக் கோடு தீந்து போற எடம் வருமுங்க, அங்க எறங்கித் தள்ளிக்கிட்டுப் போவேன். சுத்தியும் பாக்கலாமேன்னுதான்.

ஒரு எடத்துல பனி உருகி ரோட்டு மேலயே ஆறு மாதிரி ஓடுது. அவ சைக்கிளத் தோள்ல தூக்கிக்கிட்டு அக்கட்டால போயிட்டா. நான் நடுத்தண்ணியில நின்னுட்டேன். ஆழம் பாக்கறக்குத்தான் நின்னேன். தண்ணி மொழங்காலுக்கு வந்து இழுக்குது, ஐஸு தண்ணி, காலு இருக்குதா இல்லையான்னே தெரியல. முன்னால ஒரு எட்டு வெக்கலாமா, பின்னால வெக்கலாமான்னு யோசன பண்ணிக்கிட்டே இருந்தேன். அவ திரும்பி வந்தா. என்ற சைக்கிளக் கொண்டுபோய்க் கரையில வெச்சா. மறுக்கா வந்து என்ற கையப் புடிச்சா. "கீழ பாக்காதீங்க மாமா, என்ற மொகத்தப் பாத்துக்கிட்டே வாங்க"ன்னா. எனக்கென்ன தண்ணியப் பாத்தாப் பயமா? தண்ணிக் கொழாய் வித்துப் பொழைக்கறவன் நானு. சரி, அவ ஆசப்படறாளேன்னு புடிச்சுக்கிட்டு வந்தேன்.

அதுக்கப்பறம் நான் ஒரு ஏற்பாடு பண்ணுனேன். நீ முன்னால போ, நான் பின்னால இருந்து பாத்துக்கறேன்னேன். ஏன்னா தம்பி, காவலுக்குப் போறவன் எப்பவும் பின்னாலதான் இருக்கோணும். முன்னால போறவனுக்குப் பின்னால என்ன நடக்குதுன்னு தெரியாதில்ல? அவ சிரிச்சுக்கிட்டே சரீன்னுட்டா. சாமானத்தையும் பிரிச்சுக்கிட்டோம். கூடாரம், அடுப்பு, சோத்துச் சாமான், தண்ணி கேன் எல்லாம் அவ வண்டியில. கனமா இருக்குதுன்னு அவளே வாங்கிக்கிட்டா. ரெண்டு பேருக்கும் படுக்கறக்கு, போத்தறக்கு உண்டான பை என்ற வண்டியில. இத மனசுல வெச்சுக்குங்க தம்பி, இதுதான் முக்கியம். அவகிட்டத் தண்ணியும் கூடாரமும். எங்கிட்டப் போர்வை. ஒருத்தர் இல்லாம ஒருத்தர் அந்தக் குளுருல ஒரு ராத்திரி தாட்ட முடியாது.

பாங்குன்னு ஒரு எடமுங்க. ஊரில்ல, கூடாரந்தான் நாலஞ்சு. அங்க ஒரு அம்மா டீயும் சோறும் போட்டுத் தங்கறக்கு எடமும் குடுக்குது. டோல்மான்னு பேரு. வாணி டிவி பாத்துப் பாத்து இந்தி பழகிக்கிட்டவ, ரெண்டு பேரும் வெகுநேரம் பேசிக்கிட்டாங்க. பேசறது, என்னயத் திரும்பிப் பாக்கறது, சிரிக்கறது. என்ன சிரிப்புன்னு கேட்டா ஒண்ணுமில்லீங்கறா. அந்தம்மா ஒண்ணே ஒண்ணு திரும்பத் திரும்பச் சொல்லுச்சாம். மேல ஏறுனா மோரேன்னு ஒரு பெரிய பொட்டல். மத்தியானத்துக்கு மேல அங்க காத்தெடுக்கும். மண்ணக் கெளப்பும். அதுக்குள்ள அந்தக் கடைசிக்குப் போயி அங்க ஆடு மேய்க்கறவங்க கூடாரம் இருக்குது, அதுல ஒதுங்கிக்குங்க. நடுவுல நிக்காதீங்க. நடுவுல ஒண்ணும் கெடையாது.

நாங்க வெடியாலயே கெளம்பியிருக்கோணும். எனக்குக் காத்தால கொஞ்சம் தலவலி. அந்த ஒயரத்துல காத்துல சத்து இல்லீங்க, மூச்சு இழுத்தா நெஞ்சுல பாதிதான் நெறையுது. பயத்துல வந்த தலவலி இல்ல. சித்தெ படுத்துட்டு எந்திரிச்சா ஏறுவெய்யல் ஆகிப்போச்சு. அவ சைக்கிளத் தொடச்சுக்கிட்டே மானத்தப் பாத்துக்கிட்டு நின்னா.

மேல ஏறுனமுங்க. ஏறி முடிச்சதும் பாருங்க, பொட்டல். எப்படிச் சொல்றது உங்களுக்கு. நம்ம பவானிசாகர் அணை வத்திப் போனப்பப் பாத்திருக்கறீங்களா? அத இழுத்து இழுத்து, கண்ணு காங்கற தூரம் முச்சூடும் விரிச்சு உட்டா எப்படியிருக்கும். சுத்தியும் மலை, நடுவுல வழுவழுன்னு மண்ணு. ஒரு மரம் இல்ல, ஒரு செடி இல்ல, ஒரு கம்பி இல்ல. நடுவுல கறுப்பா ஒரு தார் ரோடு போகுது. லாரி வந்தா வருது, இல்லீன்னா இல்ல. அவ போயிக்கிட்டே இருந்தா. சின்னதாகிக்கிட்டே போயி ஒரு புள்ளி ஆயிட்டா. புள்ளி இருக்குதில்ல, அது போதும்னு நானும் மிதிச்சேன். அப்பறம் ஒரு மேடு குறுக்க வந்துச்சு. அதத் தாண்டிப் பாத்தா, புள்ளி இல்ல.

அங்கதானுங்க பாதை பிரியுது. தார் ரோடு நேராப் போகுது. வலது கைப் பக்கமா ஒரு மண்ணுப் பாதை பிரிஞ்சு போகுது. அந்தப் பாதை மொனையில மூணு கல்லு. ஒண்ணு மேல ஒண்ணு. பெருசு, நடுசு, சிறுசு. எவ்வளவு அழகா அடுக்கியிருக்கறா! பரவால்லியே, நம்ம ரூல இங்க வந்தும் மறக்காம இருக்கறாளேன்னு எனக்குச் சந்தோசமே வந்துருச்சு. திரும்பிட்டேன்.

நல்ல தார் ரோட்ட உட்டுட்டு மண்ணுல எதுக்குத் திரும்புனீங்கன்னு கேக்கறீங்க. எல்லாரும் இதையேதான் கேக்கறாங்க. கல்லு இருக்குதில்லீங்க! ரூலுன்னா ரூலுதானே? அங்க போயி நான் என்ற மூளைய ஓட்டுனா அப்பறம் ரூலு எதுக்கு? பாதையும் லேசா எறக்கமா இருந்துச்சு. காத்தும் முதுகுப் பக்கம் தள்ளுச்சு. மிதிக்கவே வேண்டீதில்ல. அத்தன நாள்ல அன்னைக்குத்தான் நான் நல்லா ஓட்டுனேன்னு சொல்லலாம்.

காத்து தள்ளுதுன்னா காத்து வந்துருச்சுன்னு அர்த்தம். அத நான் யோசிக்கல.

கொஞ்ச தூரம் போனேன். இன்னுங் கொஞ்ச தூரம் போனேன். தூரத்துல வெள்ளையா ஒரு ஏரி மாதிரித் தெரியுது, உப்புப் பூத்த ஏரி. அக்கட்டால மலை. அவளக் காணோம். வேகமாப் போறா, எங்கியாச்சும் நின்னுக்கிட்டிருப்பான்னு நெனச்சு நானும் வெசையா மிதிச்சேன். பின்னால திரும்பிப் பாத்தா தார் ரோடே கண்ணுக்குத் தெரியல.

தம்பி, காட்டுக்குள்ள ஒருத்தரக் காணோம்னா மரம் மறைக்குதுன்னு சொல்லலாம். டவுன்ல காணோம்னா கூட்டம் மறைக்குதுன்னு சொல்லலாம். அங்க மறைக்கறக்கு ஒண்ணுமே இல்லீங்க. நாலு பக்கமும் தெரியுது. அவ்வளவு தூரம் தெரியுது. அவ மட்டும் தெரியல.

வாணீன்னு கூப்புட்டேன். எதிரொலி கூட வரல. சத்தம் வாய உட்டு வெளிய வந்த ஒடனே காத்து அள்ளிக்கிட்டுப் போயிருது. கழுதை மாதிரி ஒரு காட்டு மிருகம், அஞ்சாறு நின்னு என்னயவே பாத்துக்கிட்டிருந்துச்சு. ஒண்ணு கூட அசையல. நான் மறுக்கா கூப்புட்டேன். அதுங்க திரும்பி ஓடிப்போச்சு. அதுங்க போனதும் எனக்கு இன்னும் ஒருமாதிரி ஆயிருச்சு. பாத்துக்கிட்டிருந்ததும் போச்சுதேன்னு.

வெக்கத்த உட்டுச் சொல்றேன், பயந்துட்டேனுங்க. பாட்டில்ல ரெண்டு வாய் தண்ணி. மண்ணு கெளம்பிருச்சு. மஞ்சளா ஒரு செவுரு மாதிரி பின்னாலிருந்து வருது. மொகத்துல ஊசி குத்தற மாதிரி. சைக்கிளப் படுக்கப் போட்டு அதுக்கு மறைவுல நானும் படுத்துக்கிட்டேன். போர்வைப் பையக் கட்டிப் புடிச்சுக்கிட்டேன்.

அப்பத்தானுங்க எனக்கு நெஞ்சுல ஒதைச்ச மாதிரி ஒண்ணு தோணுச்சு. இந்தப் பை எங்கிட்ட இருக்குது. அவகிட்ட ஒண்ணுமில்ல. பொழுது உழுந்தா அங்க தண்ணி கல்லாப் போயிரும். எனக்காச்சும் இதுல நொழஞ்சு படுத்தா உசுரு கெடக்கும். அவ என்ன பண்ணுவா? ஒரு தாவணிக் கனம் கூட இல்லாத கூடாரத்துல ஒக்காந்துக்கிட்டு, நான் வருவேன், வருவேன்னு பாத்துக்கிட்டே வெறச்சுப் போயிருவாளே. அத நெனச்சதும் எந்திரிச்சேன். எந்தப் பக்கம் போறதுன்னு தெரியல. வந்த தடம் எதுன்னே தெரியல, மண்ணு மூடிக்கிட்டிருக்குது. இக்கட்டால நாலு எட்டு, அக்கட்டால நாலு எட்டு. மறுக்கா வந்து சைக்கிள்கிட்டயே நின்னுக்கிட்டேன். சென்னிமலையாண்டவா, அவ எங்கியோ ஒரு லாரிக்காரன் கண்ணுல பட்டு ஊடு போயிச் சேந்தாப் போதும்னு கும்புட்டேன். என்னயப் பத்தி ஒண்ணுமே கேட்டுக்கல. அவ்வளவு பயம். அவ செத்துப் போயிட்டாளோன்னு கூட நெனச்சுட்டேன். செத்தவளுக்கு என்னென்ன பண்ணோணும், யார் யாருக்குச் சொல்லோணும்னு கூட யோசன ஓடுது. மனசு இருக்குதே, அது ஒரு கெட்ட சாமானுங்க.

தண்ணி குடிக்கறீங்களா? நான் குடிச்சுக்கறேன். அங்க பாருங்க, ரோட்டுல வர்றது யாரு? சைக்கிள்தானே? இல்ல, மொபட்டு. சேலை கட்டுன அம்மா. அவ சேலை கட்டிக்கிட்டுப் போகல.

எங்க உட்டேன்? ஆங். பொழுது சாயறப்ப அந்த மண்ணுக்குள்ள இருந்து ஒரு மணிச் சத்தம். கினிங் கினிங்னு. நான் நம்பல. பிரமைன்னு நெனச்சேன். அப்பறம் ஒரு செகப்புத் துணி. அவ தலத்துணி. மொகம் முச்சூடும் மண்ணு, கண்ணு மட்டும் தெரியுது. எதிர்ல நிக்கறா. எனக்கு உசுரு போயி உசுரு வந்துச்சு தம்பி. அப்படியே ஒக்காந்துட்டேன்.

பின்னால இருந்து வந்திருக்கறா பாருங்க! நான் அவ முன்னால போறான்னு தொரத்திக்கிட்டிருக்கறேன், அவ எனக்குப் பின்னால இருந்து வர்றா. ஆட்டுக்காரங்க கூடாரத்துக்கே போயிச் சேந்துட்டாளாம். சுடுதண்ணி கேட்டு வெச்சுட்டு என்னயப் பாத்துக்கிட்டு நின்னிருக்கறா. காணோம். எதிர்காத்துல திரும்ப மிதிச்சு அந்தப் பொட்டல்ல பாதிக்கு வந்து, பாதை பிரியற எடத்துல என்ற டயர்த் தடத்தப் பாத்திருக்கறா. ஓரத்துல கொஞ்சம் பூ மண்ணு, அதுல பதிஞ்சிருந்துச்சாம். அந்தத் தடம் அழியறக்குள்ள வந்து சேரோணும்னு ஒரே மூச்சுல வந்திருக்கறா.

வந்தவ மொதல்ல என்ன கேட்டாங்கறீங்க?

"ஏனுங் மாமா, இக்கட்டால எதுக்கு வந்தீங்க?"

எனக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துருச்சு. "எதுக்கு வந்தேனா? நீதானடி கல்லு வெச்ச!"

அவ என்னயவே பாத்தா. அப்பறம் மெதுவாச் சொன்னா, "ஐயோ, அது வேற கல்லுங்க."

வேற கல்லாமா! கல்லுல என்னங்க வேற கல்லு? மூணு கல்லு, ஒண்ணு மேல ஒண்ணு. நான் போட்ட ரூலு. அதுல எப்படி வேற கல்லு வரும்? நான் கத்துனேன். அந்தப் பொட்டல்ல மனுசன் கத்துன மொதக் கத்து அதாத்தான் இருக்கும். அவ தண்ணி கேன எடுத்து எனக்குக் குடுத்தா. நான் குடிச்சுட்டுக் கத்துனேன். அப்பறம் சொன்னா.

"ஊட்டுக்கு வெச்சனுங்க."

உங்களுக்குத் தெரியுமில்ல? மலைக்கோயிலுக்கு ஏர்ற வழியில பாத்திருப்பீங்க. சொந்த ஊடு வேணும்னு வேண்டிக்கிட்டு நம்ம சனங்க சின்னச் சின்னதாக் கல்ல அடுக்கி வெச்சுட்டுப் போவாங்களே, அந்தக் கல்லு. இவ அந்தப் பாதை பிரியற எடத்துல தண்ணி குடிக்கறக்கு ஒக்காந்திருக்கறா. தோதா ஒரு பாறை அந்த வலது கைப் பக்கந்தான் இருந்துச்சாம். மேட்டு மேல ஏறுனப்பவே நான் பின்னால புள்ளியா வர்றது தெரிஞ்சிருக்குது. தார் ரோடுதான் நேராப் போகுதே, இதுல இவரு எங்க தப்பப் போறாருன்னு நெனச்சுக்கிட்டு, சும்மா ஒக்காந்த எடத்துல வேண்டிக்கிட்டு அடுக்கி வெச்சுட்டுப் போயிட்டா.

எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்லீங்க. எங்களுக்குச் சொந்த ஊடு இருக்குது. இதா, நீங்க ஒக்காந்திருக்கறீங்களே, இந்த ஊடு. என்ற அப்பன் கட்டுனது, மேல மாடி நான் போட்டது. அவ அண்ணன் ஈரோட்டுல புதுசா மாடி மேல மாடி கட்டியிருக்கறான், அதப் பாத்துட்டு வந்ததிலிருந்து இவளுக்கும் இன்னொரு ஊடு வேணுமாட்டம் இருக்குதுன்னு நான் நெனச்சுக்கிட்டேன். இமயமலையில போயி, புருசனச் சாகக் குடுத்து, ரெண்டாவது ஊடு கேக்கறாளே இவன்னு. கேட்டும் போட்டேன்.

அவ சைக்கிள நிமித்துனா. "பொழுது உழுகறக்குள்ள ரோட்டுக்குப் போயர்லாம், எந்திரிங்க"ன்னா. எதிர்காத்துல மிதிக்க முடியல, தள்ளிக்கிட்டுத்தான் வந்தோம். அவ முன்னால. நான் ஒரு கையில என்ற சைக்கிளத் தள்ளிக்கிட்டு, மறு கையில அவ சைக்கிள் கேரியரப் புடிச்சுக்கிட்டே வந்தேன். காத்துல அவ சாஞ்சரக் கூடாதில்ல, அதுக்குத்தான். ஒரு தடவ கை நழுவிப் போச்சு. நான் கத்துன கத்துல அவ சைக்கிளப் போட்டுட்டு ஓடியாந்தா. அதுக்கப்பறம் ஒரு கயிறெடுத்து அவ கேரியருக்கும் என்ற ஹேண்டில்பாருக்கும் கட்டிட்டா.

ரோட்டோரத்துல ஒரு பள்ளத்துல கூடாரம் போட்டோம். கையெல்லாம் மரத்துப் போச்சு, முடிச்சுப் போட வரல. உள்ள போயிப் பைக்குள்ள நொழஞ்ச பொறவுதான் அவ வாயத் தெறந்தா. இருட்டிக்கிட்டு வர்ற நேரம். அவ பல்லும் தந்தியடிக்குது.

"நான் ஊடு கட்டோணும்னு வெக்கலீங்க மாமா. ஊடு போயிச் சேரோணும்னு வெச்சேன். உங்களப் பத்தரமா ஊடு கொண்டுபோய்ச் சேத்தோணும்னு."

பாத்தீங்களா தம்பி? என்னய அவ கொண்டுபோய்ச் சேக்கறதாம்! காவலுக்குப் போனவன் நானு. பின்னாலயே வந்து பாத்துக்கிட்டவன் நானு. சொல்லிட்டுச் சிரிக்கவும் இல்ல. அழுதுட்டா. கொஞ்ச நேரந்தான், அப்பறம் மூக்கச் சிந்திட்டு அடுப்பப் பத்த வெச்சா. அந்த ஆத்துல என்ற கையப் புடிச்சப்ப இருந்தே அவளுக்கும் பயந்தானாம். வெளிய காட்டிக்கிட்டா நான் அங்கியே ஒக்காந்துருவேன்னு காட்டிக்கலையாம். டோல்மாகிட்ட அதத்தான் சொல்லிக்கிட்டிருந்தாளாம். நான் சொன்னேன், எல்லாஞ் சரி, வேண்டிக்கறவ ரெண்டு கல்லு வெச்சு வேண்டிக்கறது, நாலு கல்லு வெச்சு வேண்டிக்கறது. மூணுன்னா ரூல்ல இடிக்குதில்ல? அதுக்கு அவ போர்வைய இழுத்து எனக்குப் போத்தி உட்டா.

அப்பறம் லே போயிச் சேந்து, ஏரோப்ளேன்ல ஏறி ஊடு வந்து சேந்தோம். வந்து எறங்குன மக்காநாளே இந்தச் சைக்கிளத் தொடச்சு வெச்சவன்தான். அதுக்கப்பறம் தொடல.

ஆனா அவ சைக்கிள உடலீங்க. வர்ற மாசம் மறுக்கா போறா. ஸ்பிட்டின்னு ஒரு எடம், அதும் அதே மாதிரிப் பொட்டக்காடு. எங்க கூட்டத்துல நாலு பொம்பளைங்க சேந்துக்கிட்டுப் போறாங்க. அதுக்குத்தான் இந்தத் திம்பம் மேடு, பயிற்சி. சிறுத்தை நடமாட்டம் இருக்குற ரோடுங்க அது. கரும்பு லாரி வந்தா வளைவுல ஒதுங்க எடமில்ல. சொன்னாக் கேக்கறாளா? "நீங்களும் வாங்க மாமா"ன்னா. நான் வரலேன்னுட்டேன். ரெண்டு பேரும் போனா ஒருத்தர ஒருத்தர் தேடிக்கிட்டுத் திரியோணும். ஒருத்தர் ஊட்டுல இருந்தாத்தான் இன்னொருத்தருக்குத் திரும்பி வர்றக்கு ஒரு எடம்னு இருக்கும். அதுக்குத்தான் விக்கறேன். மொழங்காலுமில்ல ஒண்ணுமில்ல. வண்டி கண்ணு முன்னால நின்னுக்கிட்டிருந்தா, அவ போறப்பெல்லாம் நானும் போயர்லாமான்னு தோணுது. கிட்டப் போனா அந்தப் பொட்டல்தான் நெனப்புக்கு வருது.

ஓட்டிப் பாத்துட்டு வர்றீங்களா? தெருமொன வரைக்கும் போயிட்டு வாங்க. அப்படியே சத்தி ரோட்டுல ஒரு பார்வை பாத்துட்டு வாங்க. செகப்புத் தலத்துணி, பச்சை வண்டி. வர்றது தெரிஞ்சா அங்கிருந்தே மணியடிங்க, எனக்குக் கேக்கும்.

என்னது? கேட்டுத் தூணு மேலயா? அதுங்களா. அது எதோ கல்லுங்க. கொத்தனாரு வெச்சுட்டுப் போயிருப்பாரு. தூணுல ஆட்டமிருக்குதுன்னு பாக்க வந்தாரு. காத்தாலதான். வெடியால, அவ கெளம்பிப் போனதுக்கு அப்பறம்.

மூணா இருக்குதுங்களா? நான் எண்ணல.

அதத் தொடாதீங்க தம்பி. சைக்கிளக் கொஞ்சம் சாச்சு வெளிய எடுங்க, ஹேண்டில்பாரு தூணுல இடிக்காமப் பாத்துக்குங்க. கேட்ட மெதுவாச் சாத்துங்க. இன்னும் மெதுவா. கல்லு உழுந்தராம. அவ இன்னும் ஊடு வந்து சேரலீங்க.